அரிக்காத தேமல்: வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

போன இதழில் தேமலுக்கு என்ன க்ரீம் பூசலாம் என்று கேட்ட வாசகர் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "அரித்தால்கூடப் பரவாயில்லை, அரிக்காமல், தொட்டாலும் தெரியாமல் இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள், தொழுநோயாக இருக்கலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். க்ரீமைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம்.

என் மகளுக்கு 11 வயது. தோள்பட்டைக்குக் கீழே, முதுகில் வெளிறின திட்டு ஒன்று எட்டு மாதமாக இருக்கிறது. சத்துக்குறைவு என்றார்கள், வயிற்றில் பூச்சி என்றார்கள். உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா டாக்டர்?
(பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்)

முதலில் நன்றாகத் தூங்குங்கள் அம்மா. பிள்ளைகளுக்கு வரும் வெளிறின திட்டுகளில் பெரும்பாலானவை தொழுநோய் இல்லை. கன்னத்தில் பொரிப்பொரியாக வருவது, கழுத்திலும் மார்பிலும் செதில் செதிலாகப் பரவும் சாதாரணத் தேமல், ஓரம் சிவந்து அரித்து எடுக்கும் படர்தாமரை எல்லாம் வேறு. இவற்றில் எதிலும் தொடு உணர்ச்சி போகாது.

வீட்டில் பார்க்கலாம், கஷ்டமில்லை. விளக்குத் திரிக்குப் பஞ்சு உருட்டுவீர்கள் அல்லவா, அப்படி நுனியை மெல்லிசாக உருட்டிக்கொள்ளுங்கள். குழந்தை கண்ணைத் திறந்திருக்கும்போதே கையில் தொட்டு, "இப்படித் தொட்டதும் அந்த இடத்தை விரலால் காட்டணும்" என்று விளையாட்டுப் போலச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நல்ல தோலில் இரண்டு தடவை, திட்டின் நடுவில் ஒரு தடவை, மறுபடி நல்ல தோலில், என்று வரிசை மாற்றித் தொடுங்கள். தொடும்போது "தெரியுதா, தெரியுதா" என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டாலே "தெரியுது" என்று சொல்லிவிடும், பெரியவர்களும் அப்படித்தான். முதுகு என்பதால் விரல் சரியாக அந்த இடத்துக்கு எட்டாது, தொட்டதும் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். ஊசியெல்லாம் வேண்டாம், தயவுசெய்து.

இன்னொன்றும் பாருங்கள். வெயிலில் ஓடி விளையாடிவிட்டு வரும்போது முதுகு முழுக்க வியர்த்திருக்க அந்தத் திட்டு மட்டும் காய்ந்து கிடக்கிறதா? அங்கே மட்டும் பூனைமுடி குறைந்திருக்கிறதா? தோலுக்குள் ஓடும் பொடி நரம்புகளைத்தான் இந்தக் கிருமி முதலில் பிடிக்கும். அதனால் வியர்வை, முடி, சூடு குளிர் தெரிவது எல்லாம் அந்த இடத்தில் குறையும். சூடு குளிர் உணர்ச்சி பல பேருக்குத் தொடு உணர்ச்சிக்கு முன்பே போய்விடுகிறது.

ஆனால் உங்கள் சோதனையில் உணர்ச்சி இருக்கிறது என்று வந்தாலும் ஒரு முறை கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். எட்டு மாதம் ஆறாத திட்டு என்பதே போதுமான காரணம். குழந்தைகளிடம் தொடு சோதனை பெரியவர்களுக்கு வருகிற அளவு துல்லியமாக வராது. ஆரம்பத் திட்டில் உணர்ச்சி பாதி போய்ப் பாதி இருக்கும், முகத்தில் வருகிற திட்டிலோ நரம்புகள் அடர்த்தி என்பதால் உணர்ச்சி நன்றாகவே இருக்கும்.

2005லேயே தொழுநோயை ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்களே? பிறகு ஏன் இத்தனை பேச்சு?
(எஸ்.கே., திருவண்ணாமலை)

ஐயா, அந்த "ஒழிப்பு" என்ற சொல்லில்தான் எல்லாக் குழப்பமும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவானவர்கள் சிகிச்சையில் இருந்தால், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்தது. இந்தியா 2005 டிசம்பரில் அந்த அளவைத் தொட்டது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் பதிவேட்டில் சிகிச்சையில் இருப்பவர்களை மட்டும்தான் எண்ணுகிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை, மத்தியானம் ஒரு மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியுமா? ஆளாளுக்குச் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்தால் பந்தியில் தலை குறைவாகத்தான் தெரியும், வந்த கூட்டம் அதேதான். டாப்ஸோன் ஒன்றே மருந்தாக இருந்த காலத்தில் நோயாளிகள் வருஷக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட்டார்கள், பதிவேட்டில் அப்படியே நின்றார்கள். 1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. கிருமி அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் இரண்டு வருஷம் கொடுத்தார்கள், பிறகு அதுவே ஒரு வருஷமானது. ஒரு வருஷத்தில் பெயர் அடிக்கப்பட்டால் பதிவேடு சுருங்கத்தானே செய்யும். மருந்தால் உண்மையிலேயே குணமானவர்கள் லட்சக்கணக்கில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைச் சாதித்தவர்களைக் குறைத்துப் பேசியதாகிவிடும்.

ஆகவே நான் பார்க்கிற எண் வேறு, ஒரு வருஷத்தில் எத்தனை பேர் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்பது. 2023இல் உலகம் முழுக்க 1,82,815 பேர். அதில் இந்தியாவில் மட்டும் 1,07,851 பேர், அதாவது பத்தில் ஆறு பேர் நம் நாட்டுக்காரர்கள். அடுத்து பிரேசில், இந்தோனேசியா.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2019இல் உலகில் 2 லட்சத்துக்கு மேல் இருந்த புதிய நோயாளிகள் 2020இல் சுமார் 1,27,000 ஆகக் குறைந்தார்கள். நோய் குறைந்ததாலா? கொரோனாவில் யாரும் வீடு வீடாகப் போய்த் தேடவில்லை, அவ்வளவுதான். தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் குறையும். அதனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒன்று, புதியவர்களில் எத்தனை பேர் குழந்தைகள். பிள்ளைக்கு வருகிறது என்றால், கண்டுபிடிக்கப்படாத பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே எங்கோ இருக்கிறார் என்று அர்த்தம். மற்றது, கண்டுபிடிக்கும் அன்றே எத்தனை பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் ஊனம் வந்துவிட்டது. மடங்கிய விரலோடு, உள்ளங்கால் புண்ணோடு ஒருவர் முதல் தடவையாக வருகிறார் என்றால், பல வருஷமாக அவரை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் தெரியவில்லை. உலகக் கணக்கில் இந்த இரண்டு வகையிலும் தனித்தனியே வருஷத்துக்குச் சுமார் 10 ஆயிரம் பேர் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் பழைய செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்கள் ஒரு காலத்தில் இந்த நோய்க்குப் பேர்போனவை. செங்கல்பட்டுத் திருமணியில் மத்திய தொழுநோய் நிறுவனமும், வேலூர் பக்கம் காரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் அங்கே வந்ததற்கு அதுவே காரணம். இன்று இங்கே எண்ணிக்கை குறைவு, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா பக்கம் அதிகம். ஆனால் குறைந்ததில் ஒரு சங்கடம் இருக்கிறது. தொழுநோய்க்கென்றே இருந்த ஊழியர்கள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தவர்கள், பொது சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டுவிட்டார்கள். இன்று படித்து வரும் இளம் டாக்டர்கள் பலர் தொழுநோயைப் பாடப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். பார்க்காததை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெண்குஷ்டமும் இதுவும் ஒன்றா?
(ஆர். எம்., சிவகாசி)

இல்லவே இல்லை. அந்தப் பெயரை விட்டுவிட்டு வெண்புள்ளி என்று சொல்லுங்கள், தமிழ்நாடு அரசும் அப்படித்தான் சொல்லச் சொல்கிறது. அதில் கிருமி கிடையாது, யாருக்கும் ஒட்டாது, உணர்ச்சி போகாது. நிறமிச் செல்கள் போவதால் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். தொழுநோய்த் திட்டு அப்படி வெள்ளையாக ஆவதில்லை, கொஞ்சம் வெளிறியோ, சிவந்தோ, செம்பு நிறத்திலோ இருக்கும். ஒரு பெயரின் ஒற்றுமையால் எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் நின்றிருக்கிறது தெரியுமா?

'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர்.ராதா மாதிரி, தவறான வழியில் போனால்தான் இது வரும் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா சார்?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தம்பி, 1954இல் வந்த அந்தப் படத்தில் ராதாவின் நடிப்பை ரசியுங்கள், மருத்துவத்தை அங்கே படிக்காதீர்கள். இது பாலியல் நோய் இல்லை, பாவத்தின் சம்பளமும் இல்லை. 1873இலேயே நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற டாக்டர் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி அது.

சிகிச்சை எடுக்காத நோயாளியின் மூக்கு, வாய் வழியாக வரும் துளிகளில் பரவுகிறது. அதுவும் மாதக்கணக்கில் நெருக்கமாகப் பழகினால்தான். கை கொடுப்பதாலோ பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வருவதில்லை. நூற்றில் 95 பேருக்கு உடம்பிலேயே எதிர்ப்பு இருக்கிறது, கிருமி உள்ளே போனாலும் ஒன்றும் ஆகாது.

இந்தக் கிருமி ஒரு சோம்பேறி. மற்ற பல கிருமிகள் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகிவிடும், இது இரண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே போய் நோயாகத் தெரிவதற்குச் சராசரியாக ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகிறது. "யாரிடமிருந்து வந்தது" என்று தேடி ஒருவர்மேல் பழி போடுவதில் பிரயோஜனமே இல்லை, அந்த ஆளை நீங்களே மறந்திருப்பீர்கள்.

வயது 52. கட்டட மேஸ்திரி. இடது கை சுண்டு விரல் இரண்டு வருஷமாக மரத்துப்போய், இப்போது மடங்கிக்கொண்டே வருகிறது. சர்க்கரை இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார்கள். உடம்பில் தேமல் எதுவும் கிடையாது. எனக்கும் அதுவாக இருக்குமா ஐயா?
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

இருக்கலாம். கழுத்துத் தேய்மானமாகவும் இருக்கலாம், முழங்கையில் நரம்பு நசுங்குவதாகவும் இருக்கலாம். ஆனால் தொழுநோய் இல்லை என்று யாராவது பார்த்துச் சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

தேமல் இல்லாமல் நரம்பில் மட்டும் வருகிற தொழுநோய் உண்டு, நம் நாட்டில் அது அவ்வளவு அபூர்வமும் அல்ல. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுர்ரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அங்கே ஓடும் நரம்புதான் சுண்டு விரலுக்கும் அதை ஒட்டிய விரலுக்கும் போகிறது. முழங்கை எலும்புக்குப் பின்னால் அதைத் தடவிப் பார்க்கலாம். தொழுநோயில் அது கயிறு மாதிரி தடித்து, அழுத்தினால் வலிக்கும். இந்தச் சோதனைக்கு மெஷின் வேண்டாம், இரண்டு விரல் போதும். இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முழங்காலுக்கு வெளிப்பக்கமும், கணுக்காலுக்கு உள்பக்கமும், காதுக்குக் கீழே கழுத்திலும் இதே மாதிரி பார்ப்போம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீ மாஸ்டர் ஒருவர் விரலில் கொப்புளத்தோடு மூன்று தடவை என்னிடம் வந்தார். மூன்று தடவையும் மருந்து போட்டு, "பார்த்து வேலை செய்யுங்க" என்று அனுப்பிவைத்தேன். நான்காவது தடவை கட்டுப் போடும் ஊழியர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "சார், சுட்டதே அவருக்குத் தெரியலையாம்." அதை அவர் கேட்டார், நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து தீக்காயத்தோடு யார் வந்தாலும், சுட்டபோது வலித்ததா என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

நரம்பு போவது முதலில் சின்னச் சின்ன வேலைகளில்தான் தெரியும். சாதம் பிசைந்து எடுக்கும்போது விரல் இடுக்கில் வழியும், சட்டைப் பொத்தான் போட வராது, நடந்துகொண்டிருக்கும்போதே செருப்பு கழன்று போயிருக்கும், திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். இப்படி ஏதாவது ஆறு மாதத்துக்குள் ஆரம்பித்திருந்தால் அது அவசரம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் உடனே தொடங்கினால் நரம்பு திரும்ப வர நல்ல வாய்ப்பு உண்டு. உங்களுக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அதனால் மரப்பு முழுக்கப் போய்விடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மற்ற விரல்களையும் இன்னொரு கையையும் காப்பாற்றலாம். மடங்கிய விரலை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தவும் முடியும். அந்த அறுவை சிகிச்சைக்கு வழி காட்டியதே நம் வேலூர்தான். 1940களின் கடைசியில் அங்கே டாக்டர் பால் பிராண்ட், வேலை செய்கிற தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றி வைத்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டும் தேய்ந்தும்தான் போகின்றன என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னவரும் அவர்தான். சிமென்ட்டில் வேலை செய்கிறீர்கள், நாளையிலிருந்து கையுறை போடுங்கள், ராத்திரி இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?
(கே. வி., சென்னை)

தெரியாது. நோயை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்று வழக்கத்தில் இல்லை. கண், விரல், பஞ்சு, தேவைப்பட்டால் காதுமடலில் சின்னதாகக் கீறி எடுக்கும் திசுநீர், சந்தேகமானால் துளி சதை. முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் இது வராது.

என் கணவருக்குத் தொழுநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. காதுமடல் தடித்து, புருவம் உதிர்ந்து, முகம் மினுமினு என்று இருந்தது. நாங்கள் வெயிட் போட்டுவிட்டார் என்று நினைத்தோம். இப்போது மாமியார் அவருக்குத் தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்துவிட்டார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். என்ன செய்வது?
(வாசகி, சேலம்)

தட்டையும் தம்ளரையும் முதலில் பழைய இடத்தில் வையுங்கள் அம்மா. உங்கள் கணவருக்கு வந்திருப்பது கிருமி அதிகமாக இருக்கும் வகை. பரவ வாய்ப்புள்ள வகையும் இதுதான், கண்ணுக்குத் தப்புகிற வகையும் இதுதான். ஏனென்றால் ஆரம்பத்தில் மரத்த தேமல் இருக்காது. தோல் எண்ணெய் பூசின மாதிரி பளபளக்கும், மூக்கடைப்பு இருக்கும், பார்ப்பவர்கள் "நல்லா இருக்கியே" என்பார்கள். ஆனால் மாத்திரை தொடங்கிய பிறகு அவரிடமிருந்து பரவாது. கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் முதல் வேளையிலேயே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். மாமியார் பயப்பட வேண்டிய காலம் மாத்திரைக்கு முன்னால் இருந்தது, அப்போது எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டீர்கள்.

அதனால்தான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை வேறு. நீங்கள், பிள்ளைகள், மாமியார் எல்லாரும் போய் உடம்பு முழுக்கக் காட்டுங்கள். ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நோய் இல்லை என்று பார்த்த பிறகு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை தருவார்கள். அது நோய் வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று பங்களாதேஷில் செய்த பெரிய ஆய்வில் தெரிந்தது, நம் அரசுத் திட்டத்திலும் இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தருவதில்லை, காசநோய் அறிகுறி இருந்தால் அதை முதலில் பார்ப்பார்கள். முழுக்கத் தடுத்துவிடாது என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐந்து வருஷத்துக்காவது.

கணவருக்கு 12 மாதம் மருந்து, எல்லாம் இலவசம். சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசின் நிறம். கூட்டு மருந்தில் இன்னொன்றான க்ளோபாசிமின் தோலைக் கறுப்பாக்கும், முடித்த பிறகு மெல்ல மெல்லப் பழைய நிறம் வரும். "முகம் கறுத்துவிட்டது, எல்லாரும் கேட்கிறார்கள்" என்று நடுவில் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் திடீரென்று காய்ச்சலோடு சிவந்த கட்டிகள் வந்தாலோ, நரம்பு வலித்தாலோ, கண் சிவந்தாலோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்த வேண்டாம். அது உடம்பின் எதிர்வினை. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தொழுநோய் வந்தவரை விவாகரத்து செய்யலாம் என்று சட்டம் இருக்கிறதாமே?
(பெயர் இல்லை)

இருந்தது. 2019இல் எடுத்துவிட்டார்கள். நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க இருந்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016இல்தான் போனது. ஓராண்டு மாத்திரையில் குணமாகும் நோய்க்கு இத்தனை காலம் அந்தச் சட்டங்கள் இருந்ததே வெட்கக்கேடு.

எங்கள் நாட்டிலும் இந்த நோய் முடிந்துவிட்டது என்றுதான் சிறுவயதில் படித்தோம். உண்மையா?
(வாசகர், மட்டக்களப்பு)

இலங்கை அந்த ஒழிப்பு அளவை 1995லேயே எட்டிவிட்டது, எங்களுக்குப் பத்து வருஷம் முன்னால். ஆனாலும் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதியவர்கள் அங்கேயும் வருகிறார்கள், பிள்ளைகளும் அதில் உண்டு. பந்திக் கணக்கை மேலே சொன்னேனே, அதேதான்.

கையில் அப்படி ஒரு திட்டு இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கின க்ரீம் நான்கு மாதமாகப் பூசுகிறேன். எங்கே போய் என்னவென்று சொல்வது? பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
(வாசகி, மதுரை)

பெயரைச் சொல்லவே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் தோல் பிரிவிலோ ஓ.பி. சீட்டு வாங்கும்போது "தேமல்" என்று சொன்னால் போதும். அந்த க்ரீமை இன்றே நிறுத்துங்கள். மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது, திட்டை மங்கவைத்து டாக்டரையும் ஏமாற்றிவிடும். டியூபை மட்டும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். திட்டு கையில் இருக்கிறது என்று கையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தால், "முதுகையும் காலையும் பார்த்துவிடுங்க டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் அதையும் கூசாமல் கேளுங்கள், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.